பெயர் சொல்லாத இஷி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா என்ற மாநிலம் இருக்கிறது. அதன் வடபகுதியில் ஓரோவில் என்று ஓர் ஊர். 1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி, அந்த ஊருக்கு வெளியே ஆடு மாடு அறுக்கும் தொட்டியில் நாய்கள் விடாமல் குரைத்தன.

வேலையாட்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வேலியோரத்தில் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். வயது 50 இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தார். தோளில் ஒரு பழைய கித்தான் துணி. தலைமுடி நெருப்பால் பொசுக்கப்பட்டுக் குட்டையாக இருந்தது. அவருடைய குலத்தில் அது துக்கம் காப்பதற்கு அடையாளம். அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியாது.

ஷெரீப் எனப்படும் காவல் அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து அந்த மனிதரை அழைத்துப் போய், ஊர்ச் சிறையில் ஓர் அறையில் வைத்தார். குற்றம் எதுவும் அவர் செய்யவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திடமிருந்து அவரைக் காப்பாற்ற வேறு இடம் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் பேசினார்கள். ஸ்பானிய மொழியில் பேசினார்கள். அக்கம்பக்கத்துப் பூர்வகுடி மக்களையும் அழைத்து வந்து பேச வைத்தார்கள். எதுவும் அவருக்கு விளங்கவில்லை. காட்டு மனிதர் ஒருவர் அகப்பட்டார் என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் செய்தி போட்டன.

அவர்தான் இஷி. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தறியாதவர். ஆனாலும் ஒரு பெரிய பல்கலைக் கழகத்துக்கே பாடம் சொல்லித் தந்தவர். உயிரோடு இருந்தவரை அவருக்குச் சோறும் இடமும் தந்த அதே பல்கலைக் கழகம், அவர் இறந்த பிறகு ஒரு தவறு செய்தது. அந்தத் தவறு திருத்தப்பட 84 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதைதான் இது.

பொன் செய்த கொடுமை

கலிபோர்னியாவின் வடக்கே லாசன் என்ற எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் மில் ஓடை, டீர் ஓடை என்று இரண்டு ஓடைகள் ஆழமான பள்ளத்தாக்குகள் வழியே ஓடுகின்றன. அந்தப் பள்ளத்தாக்குகளில் யாகி என்ற மக்கள் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்து வந்தார்கள். யானா என்ற பெரிய இனத்தின் தென்கோடிப் பிரிவு அது. எண்ணிக்கை சில நூறு பேர்தான்.

ஓடையில் சால்மன் மீன் பிடித்தார்கள். காட்டில் மான் வேட்டையாடினார்கள். ஓக் மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, இடித்து மாவாக்கி, கசப்புப் போகத் தண்ணீரில் அலசிக் கஞ்சி காய்ச்சினார்கள். யாரிடமும் கையேந்தாத வாழ்க்கை.

1848-ம் ஆண்டு ஜனவரி மாதம் கலிபோர்னியாவில் ஓர் ஆற்றங்கரையில் தங்கம் அகப்பட்டது. மறு ஆண்டே உலகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். சுரங்கச் சேறு ஆறுகளில் இறங்கியது. மீன் அற்றுப் போயிற்று. குடியேறியவர்களின் மாடுகள் காட்டை மேய்ந்து தீர்த்தன. மான் ஓடிப் போயிற்று. பசி தாங்காமல் யாகி மக்கள் குடியேறியவர்களின் மாடுகளையும் தானியத்தையும் எடுத்தார்கள். அதற்குப் பதிலாகத் துப்பாக்கி வந்தது.

ஒரு மாட்டுக்காக ஒரு குடியிருப்பையே அழித்தார்கள். ஆண் என்றும் பெண் என்றும் குழந்தை என்றும் பார்க்கவில்லை. பூர்வகுடிகளைத் தேடிப் போன கும்பல்களுக்கு ஆன செலவை மாநில அரசாங்கமே கொடுத்தது. 1846-ல் கலிபோர்னியாவில் பூர்வகுடி மக்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். 1870-ல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர். நோயால் செத்தவர்கள் பாதி, பசியாலும் குண்டாலும் செத்தவர்கள் மீதி என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாக் கொடுமையும் ஒன்றாக வந்தது.

1865-ம் ஆண்டு மில் ஓடைக் கரையில், விடியும் நேரத்தில், யாகி மக்களின் ஒரு குடியிருப்பைச் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். அப்போது இஷி சின்னப் பிள்ளை. அதற்குப் பின்னும் தாக்குதல்கள் நடந்தன. கடைசியில் மிஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நாற்பது ஆண்டு மறைவு

மிஞ்சியவர்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். அந்த மறைவு வாழ்க்கை ஏறத்தாழ 40 ஆண்டு நீடித்தது.

கால் தடம் விழாதபடி கல்லுக்குக் கல் தாவி நடந்தார்கள். புதருக்கு அடியில் தவழ்ந்து போனார்கள். புகை மேலே எழாதபடி சிறியதாக நெருப்பு மூட்டினார்கள். துப்பாக்கி வெடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். வில்லுக்குச் சத்தம் இல்லை. வில்தான் அவர்களைக் காத்தது. பக்கத்தில் பண்ணைகள் வந்தன, ரயில் வந்தது. அந்தக் காட்டுக்குள் இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் மிகச் சிலரே.

ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் நான்கு பேர் மிஞ்சினார்கள். இஷி, அவருடைய வயதான தாயார், தங்கையோ உறவுப் பெண்ணோ ஒருத்தி, ஒரு கிழவர்.

1908-ம் ஆண்டு நவம்பர் மாதம், மின்சாரக் கம்பெனி ஒன்றின் நில அளவையாளர்கள் டீர் ஓடைப் பக்கம் வந்தார்கள். அந்த நான்கு பேரின் குடிசைகள் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டன. கிழவரும் அந்தப் பெண்ணும் ஓடி மறைந்தார்கள். தாயாரால் எழுந்து நடக்க முடியாது. துணிகளுக்கும் தோல்களுக்கும் அடியில் மூடி வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் அந்தத் தாயைப் பார்த்தார்கள். அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் குடிசையிலிருந்த கூடை, வில், தோல் போர்வை, கருவிகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வேடிக்கைப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலம் வரப்போகும் நேரம். பிழைப்புக்கு இருந்தது அவ்வளவுதான். மறுநாள் அவர்கள் திரும்பி வந்தபோது தாயையும் காணவில்லை. இஷி தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சில நாட்களில் தாய் இறந்தார். ஓடிப் போன இருவரையும் இஷி மறுபடி பார்க்கவே இல்லை. அதன் பிறகு அந்தக் காட்டில் அவர் தனியாள். பேச்சுத் துணைக்கு ஒருவர் இல்லை. அவருடைய மொழியைப் பேசுகிறவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, பசியோடு, அவர் ஓரோவில் வந்து சேர்ந்தார்.

கதவைத் திறந்த ஒரு சொல்

பத்திரிகைச் செய்தியைச் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு பேராசிரியர்கள் படித்தார்கள். இருவரும் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் மனித இன ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஆல்பிரெட் குரோபர். மற்றவர் தாமஸ் வாட்டர்மன். மறைந்து வரும் பூர்வகுடி மொழிகளை எழுதி வைப்பது அவர்கள் வேலை. குரோபர் ஷெரீப்புக்குத் தந்தி கொடுத்தார். வாட்டர்மன் ரயிலேறினார்.

அவர் கையில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. யானா மொழியின் வேறு பிரிவுகளில் சேகரித்த சொற்கள் அவை. சிறை அறையில் அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பதில் இல்லை. பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

கடைசியில் சிவினி என்ற சொல்லைப் படித்தார். மஞ்சள் பைன் மரத்துக்கு யானா மொழியில் அதுதான் பெயர். படித்துக்கொண்டே, தாம் உட்கார்ந்திருந்த கட்டிலின் மரச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். அந்தச் சட்டம் பைன் மரத்தில் செய்தது.

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. அவரும் கட்டிலைத் தட்டினார். அதே சொல்லைத் தம் உச்சரிப்பில் சொன்னார். இருவரும் மாறி மாறித் தட்டினார்கள். மாறி மாறிச் சொன்னார்கள். மொழி தெரியாத ஊரில் தனியே நிற்கும்போது நம் தாய்மொழிச் சொல் ஒன்று காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மனிதர் மூன்று ஆண்டாக ஒரு சொல்லும் கேட்காதவர்.

சில நாட்களில் வாட்டர்மன் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துப் போனார். சின்ன வயதில் மலை மேலிருந்து ரயிலைப் பார்த்துப் பயந்தவர் அவர். அது மனிதரைத் துரத்தி வராது என்று தாயார் சொல்லித் தேற்றியிருந்தாராம். இப்போது அதே ரயில் பக்கத்தில் வந்து நின்றபோது சற்று ஒதுங்கி நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பெயர் என்ன?

எல்லாரும் அவருடைய பெயரைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்வது யாகி குலத்தில் வழக்கம் இல்லை. இன்னொருவர்தான் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அப்படி அறிமுகம் செய்ய அவருக்கு யாரும் மிஞ்சவில்லை.

பத்திரிகைக்காரர்கள் விடவில்லை. ஆகவே குரோபர், அவரை இஷி என்று அழைக்கலாம் என்றார். யானா மொழியில் இஷி என்றால் மனிதன் என்று பொருள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய உண்மைப் பெயரை அவர் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

மியூசியத்தில் குடித்தனம்

சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக் கழகத்தின் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரு குன்றின் மேல் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மனித இன மியூசியம் இருந்தது. அங்கே இஷிக்கு ஓர் அறை கொடுத்தார்கள்.

பூர்வகுடிகளுக்கான அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து, ஊருக்குத் திரும்ப விருப்பமா, அரசாங்கம் ஒதுக்கிய பூர்வகுடிக் குடியிருப்புக்குப் போக விருப்பமா என்று விசாரித்தார். இரண்டும் வேண்டாம், இந்த வீட்டிலேயே இருந்து முதுமையடைந்து இறக்க விரும்புகிறேன் என்ற கருத்தில் இஷி பதில் சொல்லிவிட்டார். திரும்பிப் போக அவருக்கு ஊர் ஏது? உறவு ஏது?

பிச்சைச் சோறு வேண்டாம் என்று மியூசியத்திலேயே வேலை செய்தார். கூட்டிப் பெருக்கினார், பொருள்களைத் துடைத்து வைத்தார். மாதச் சம்பளம் 25 டாலர். வெள்ளி நாணயங்களாகச் சேர்த்து, பிலிம் சுருள் வைக்கும் டப்பாக்களில் அடுக்கி, மியூசியத்துப் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாத்தார்.

நகரத்து அதிசயங்கள் அவரை மயக்கிவிடவில்லை. உயரமான கட்டடங்களைக் கண்டு அவர் மலைக்கவில்லை. அவர் ஊர் மலைகள் அவற்றை விட உயரம். ஆகாய விமானத்தைக் காட்டினார்கள், சும்மா சிரித்தார். ஆனால் தீக்குச்சியை மிகவும் மெச்சினார். கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கியவருக்குத்தான் தீக்குச்சியின் அருமை தெரியும். முதல் தடவை கடற்கரைக்கு அழைத்துப் போனபோது, கடலைப் பார்த்து அவர் வியக்கவில்லை. கரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் திகைத்து நின்றார். 50 வயது வரை அவர் ஒரே இடத்தில் சேர்ந்து பார்த்த மனிதர்கள் சிலர்தானே!

பாடம் சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் மியூசியத்தில் கூட்டம் நெருக்கியது. இஷி எல்லார் முன்னிலையிலும் கட்டையைக் கடைந்து நெருப்பு மூட்டுவார். கண்ணாடி போன்ற எரிமலைக் கல்லைச் சிறுசிறு சில்லாகப் பெயர்த்து அம்பு முனை செய்வார். செய்த அம்பு முனைகளைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பார். நாடகக் கொட்டகைக்காரர்கள் அவரை மேடையில் நிறுத்திப் பணம் பண்ணக் கேட்டு வந்தார்கள். பல்கலைக் கழகம் மறுத்துவிட்டது. ஆனால் மியூசியத்திலும் அவர் ஒரு காட்சிப் பொருளாகத்தானே இருந்தார் என்று இன்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சாக்ஸ்டன் போப் என்ற ஒரு டாக்டர் இருந்தார். அவர் இஷியிடம் வில்வித்தை கற்றுக்கொண்டார். வில் செய்வது எப்படி, அம்பை நேராக்குவது எப்படி, மானை நெருங்குவது எப்படி என்று எல்லாம் இஷி சொல்லிக் கொடுத்தார். அமெரிக்காவில் இன்று வில் வேட்டை ஆடுகிறவர்கள் போப்பைத் தங்கள் முன்னோடி என்கிறார்கள். அந்த முன்னோடிக்கு ஆசான் இஷி.

குரோபரும் வாட்டர்மனும் அவர் சொன்ன கதைகளையும் பாடல்களையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவி அது. காட்டு வாத்தின் கதையை இஷி மணிக்கணக்காகச் சொன்னார்; பாடினார். 1915-ம் ஆண்டு கோடையில் எட்வர்ட் சப்பீர் என்ற பெரிய மொழி அறிஞர் வந்து, பல வாரங்கள் இஷியுடன் உட்கார்ந்து மொழியை எழுதிக்கொண்டார். அந்த மெழுகு உருளைகள் 2010-ம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அமெரிக்கா காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிகளின் பட்டியல் அது.

1914-ம் ஆண்டு பேராசிரியர்கள் இருவரும் டாக்டர் போப்பும் இஷியைப் பழைய ஓடைக்கு அழைத்துப் போனார்கள். முதலில் இஷிக்கு மனமில்லை. அது செத்தவர்களின் இடம். பிறகு இணங்கினார். போப்பின் சின்ன மகனும் கூட வந்தான். ஓடையில் நீந்தினார்கள், வேட்டையாடினார்கள். ஒவ்வொரு வளைவுக்கும், பாறைக்கும், குகைக்கும் யாகி மொழியில் என்ன பெயர் என்று இஷி சொன்னார். அதைக் கொண்டு படம் வரைந்தார்கள். ஆள் அற்றுப் போன நாட்டுக்கு அவர் ஒருவரே தேசப்படமாக இருந்தார்.

அவர் வெறுத்த ஒன்று

இஷிக்கு ஒரே ஒரு விஷயம் கடைசி வரை பிடிக்கவில்லை. இறந்தவர்களைத் தொந்தரவு செய்வது அது.

மியூசியத்தில் பூர்வகுடி மக்களின் எலும்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தோண்டி எடுத்து வந்து ஆராய்ச்சிக்காகச் சேர்த்தவை. அவை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது இஷிக்கு வேதனையாக இருந்தது. மருத்துவக் கல்லூரியில் பிணங்களை அறுத்துப் பாடம் நடத்துவதையும் ஒரு முறை பார்த்துவிட்டார். அதுவும் அவர் மனத்தை மிகவும் வாட்டியது. இறந்தவரைப் பழைய வழக்கப்படி எரித்து, அமைதியாக அனுப்பி வைக்க வேண்டும். இது அவர் நம்பிக்கை. அவரோடு பழகியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

ஊருக்குள் வந்த நாள் முதலே அவருக்கு அடிக்கடி சளி பிடித்தது. தனியே வாழ்ந்த உடம்புக்கு நகரத்து நோய்களைத் தாங்கும் வலிமை இல்லை. 1915-ல் சயரோகம் என்று கண்டுபிடித்தார்கள். சப்பீருக்கு மொழி சொல்லிக் கொடுத்த அந்தக் கோடையிலேயே நோய் முற்றிவிட்டது. அந்தக் கோடையில் வாட்டர்மன் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் போப் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். கடைசி நாட்களை இஷி மியூசியத்திலேயே கழித்தார்.

தாமதித்து வந்த கடிதம்

அப்போது குரோபர் தொலைவில், நியூயார்க்கில் இருந்தார். நண்பர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தது. உடனே மியூசியத்துக்குக் கடிதம் எழுதினார். இஷியின் உடலை அறுக்க விடக்கூடாது. விஞ்ஞானத்தின் தேவை என்று யார் வாதாடினாலும் ஏற்க வேண்டாம். விஞ்ஞானத்தை விட நண்பரின் விருப்பமே பெரிது. இதுதான் கடிதத்தின் சாரம்.

1916-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி இஷி கண்ணை மூடினார். கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே டாக்டர்கள் பிரேத பரிசோதனை செய்துவிட்டார்கள். மூளையைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். பிறகு வில், அம்புகள், ஓக் கொட்டை மாவு, புகையிலை, சிப்பி மணிகள் ஆகியவற்றோடு உடலைத் தகனம் செய்தார்கள். சாம்பலை ஒரு மண் ஜாடியில் இட்டு, சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால், கடிதம் தாமதித்ததுதான் குற்றம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொன்று நடந்தது. நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்த குரோபர், அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் என்ற தேசிய மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். 1917-ம் ஆண்டு தொடக்கத்தில் அது அங்கே போய்ச் சேர்ந்தது. உடலை அறுக்காதே என்று எழுதிய அதே கைதான் அதை அனுப்பியது. ஏன் அப்படிச் செய்தார் என்பது பற்றி அறிஞர்கள் இன்றும் வாதம் செய்கிறார்கள்.

குரோபர் 1960-ல் காலமானார். மறு ஆண்டு, இஷியை நேரில் பார்த்திராத அவருடைய மனைவி தியோடோரா, இஷியின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. உலகமெல்லாம் இஷியை அறிந்தது. அவருடைய மூளை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் யார்?

கேட்டவர்கள் பூர்வகுடி மக்கள்தான். 1997-ல், ஓரோவில் பகுதியைச் சேர்ந்த பூர்வகுடிகள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். இஷியின் சாம்பலை அவருடைய மலைக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்கள். மூளையும் எங்கோ இருப்பதாகப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அதுவும் இல்லாமல் சாம்பலை மட்டும் அடக்கம் செய்தால், அந்த ஆன்மாவுக்கு அமைதி ஏது என்று கேட்டார்கள்.

பல்கலைக் கழகத்தில் ஒரு வரலாற்று ஆராய்ச்சியாளரும், ஓரின் ஸ்டார்ன் என்ற மனித இன ஆராய்ச்சியாளரும் பழைய தாள்களைத் தேடினார்கள். 1999-ம் ஆண்டு தொடக்கத்தில், குரோபரும் வாஷிங்டனும் எழுதிக்கொண்ட பழைய கடிதங்கள் அகப்பட்டன. மூளை ஸ்மித்சோனியனின் பண்டக சாலையில், ஒரு தொட்டியில், வேறு பல மனிதர்களின் மூளைகளோடு கிடந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதம், கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் மனித இனத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. இஷிக்கு நேர்ந்ததில் தங்கள் துறைக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. பேராசிரியர்கள் கூடிப் பேசி, கருத்து வேறுபட்டு, வாதாடித்தான் அந்த அறிக்கையை எழுதினார்கள். படித்தவர்கள் தவறை ஒப்புக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. யாகி குலத்தில் கடைசி மனிதர் இஷி என்றால், மூளையை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் ஒரு பழைய தவறு வெளிப்பட்டது. கடைசி மனிதர், கடைசி மனிதர் என்று எல்லாரும் எழுதியதால், உறவினரே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் யானா இனத்தின் மற்றப் பிரிவுகளின் வழிவந்தவர்கள் இருந்தார்கள். ரெடிங் ரஞ்செரியா என்ற பூர்வகுடிச் சமூகத்திலும், பிட் ஆற்றுப் பூர்வகுடிச் சமூகத்திலும் அவர்கள் இருந்தார்கள். ஸ்மித்சோனியன் விசாரித்து, அவர்களே உரிய சொந்தம் என்று தீர்மானித்தது.

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூளையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். சாம்பலும் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக, லாசன் மலை அடிவாரத்தில், அவர் பிறந்த நாட்டில் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்பதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. அவருடைய பெயரைப் போலவே அவருடைய கல்லறையும் ரகசியமாக இருக்கிறது. அந்தப் பகுதியில் ஏறத்தாழ 41 ஆயிரம் ஏக்கர் காட்டை, இஷியின் பெயரால் 1984 முதலே அரசாங்கம் காத்து வருகிறது.

பிறகு வந்த மாறுதல்

இஷியின் கதை அவரோடு முடியவில்லை. அமெரிக்கப் பல்கலைக் கழகங்களிலும் மியூசியங்களிலும் ஆயிரக்கணக்கான பூர்வகுடி முன்னோர்களின் எலும்புகள் இருந்தன. அவற்றையும் புனிதப் பொருள்களையும் உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று 1990-ல் அமெரிக்கா சட்டம் செய்தது. சட்டம் வந்தும் வேலை மெதுவாகவே நடந்தது. கலிபோர்னியா பல்கலைக் கழகமே மிகவும் பின்தங்கிவிட்டது என்று பூர்வகுடிகள் குறை சொன்னார்கள்.

2019-ல் கலிபோர்னியா கவர்னர், அந்தப் பழைய படுகொலைகளுக்காக மாநிலத்தின் சார்பில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். 2021 ஜனவரியில், பல்கலைக் கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கு இருந்த குரோபர் பெயரை எடுத்துவிட்டார்கள். கல்லறைகளைத் தோண்டி எலும்பு சேர்த்ததும், உயிரோடு இருந்த சில இனங்களை அழிந்துவிட்டன என்று எழுதியதும் அதற்குச் சொன்ன காரணங்கள். அப்படி எழுதியதால் ஓலோனி மக்கள் தங்கள் உரிமையைக் கேட்கப் போன இடத்தில் எல்லாம், நீங்கள்தான் இல்லையே என்ற பதிலைக் கேட்க வேண்டி வந்தது.

குரோபர் நல்லதும் செய்தவர். கலிபோர்னியாவின் எத்தனையோ பூர்வகுடி மொழிகள் அவர் எழுதி வைத்ததால் இன்று மிஞ்சியிருக்கின்றன. நிலம் பறிபோன வழக்கில், முதிய வயதில், பூர்வகுடிகளின் பக்கம் நின்று சாட்சி சொன்னார். இஷியிடம் அவர் கொண்ட அன்பும் பொய்யல்ல. ஆனாலும் அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சி ஆகிவிட்டார்.

2022 முதல், அரசாங்கம் அங்கீகரித்த பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த கலிபோர்னியா மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லாமல் செய்யப் பல்கலைக் கழகம் ஏற்பாடு செய்தது. ஒரு காலத்தில் பூர்வகுடி மனிதர் அந்த மியூசியத்தில் காட்சிக்கு இருந்தார். இன்று பூர்வகுடிப் பிள்ளைகள் அதே பல்கலைக் கழக வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களில் சிலர், பாட்டன் பாட்டி பேசிய மொழியை, பேராசிரியர்கள் பதிவு செய்து வைத்த ஒலியைக் கேட்டே மறுபடி கற்கிறார்கள்.

அறிவைத் தேடிப் போகிறவர் முதலில் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர் இரக்கப்பட்டுத் திறக்கிறார்; தம்மிடம் இருப்பதைத் தருகிறார். இஷி தம் மொழியைத் தந்தார். பாட்டைத் தந்தார். வில்லைத் தந்தார். மலையின் பெயர்களைத் தந்தார். தம் உடலை மட்டும் தரமாட்டேன் என்றார். தந்ததையெல்லாம் நன்றியோடு பெற்றுக்கொண்டவர்கள், மறுத்த ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்டு வாங்க அவருடைய சொந்தக்காரர்கள் வரவேண்டியிருந்தது.